மதுராந்தகம் போகாத ஞாயிறு: காமாலை மருந்துக்குக் கிளம்பி வண்டலூரில் திரும்பினோம்

மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை வாங்க மதுராந்தகம் பக்கம் எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் ஒரு ஞாயிறு நாங்களும் அங்கே போகத்தான் கிளம்பினோம். போய்ச் சேரவில்லை. ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பம்மலில் எனக்கு பைப், பிட்டிங்ஸ் கடை. தங்கை வாசுகி கீழ்க்கட்டளையில் இருக்கிறாள். அவள் கணவர் குமரேசனுக்கு ஒரு வருடமாகவே பிரியாணியோ பரோட்டாவோ சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும். கேஸ் என்று சொல்லி சோடா குடித்துச் சமாளித்தார். பிறகு கண் மஞ்சளானது. மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு வேளை பச்சிலை விழுங்கிவிட்டு, எண்ணெய் தொடாமல் மோர் சாதப் பத்தியம் இருந்தார். வலி அடியோடு நின்றது. கண் மட்டும் தெளியவில்லை. இரண்டாம் வேளை மருந்துக்குத்தான் இந்தப் பயணம்.

கீழ்க்கட்டளையிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். போக வர டாக்சி 2,800 ரூபாய், டோல் தனி. மருந்தை வெறும் வயிற்றில்தான் கொடுப்பார்கள் என்பதால் ஐந்தரைக்கே ஏறிவிட்டோம். பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து தாம்பரம் தாண்டும்வரை ஒரு தொல்லையும் இல்லை, குமரேசன் கையைச் சொறிந்துகொண்டே வந்ததைத் தவிர.

"ராத்திரி பூரா இப்படித்தான்ணா. தூங்கவும் விடல," என்றாள் வாசுகி.

பெருங்களத்தூரில் ஒன்றுக்குப் போக இறங்கினார். திரும்பி வந்தவருக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம்.

"இன்னா சார், ஆளு ஒரு மாதிரி கீறாரு. ஏசியை நிறுத்தட்டா?" என்றார் டிரைவர். நிறுத்தியும் நடுக்கம் நிற்கவில்லை. நெற்றியைத் தொட்டால் கொதித்தது.

"மாப்ள, ஒன்னுக்கு என்ன கலர்ல போவுது?" என்று கேட்டேன்.

"டிகாஷன் மாதிரி. காமாலைன்னா அப்படித்தானே மச்சான்."

"வெளிக்குப் போறது?"

டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "களிமண் மாதிரி, வெளுப்பா. தினமும் மோர் சாதம், இட்லி. வெள்ளையாத் தின்னா வெள்ளையாத்தானே போவும்?"

பத்தியம் இருக்கும் பலரும் இப்படி நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மஞ்சள் கண்ணில் இருக்கிறது, சிறுநீரில் இருக்கிறது, போக வேண்டிய வழியில் மட்டும் வரவில்லை. பைப் விற்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கேயோ அடைத்திருக்கிறது.

"மருந்து கேக்குது மச்சான், வலியே போயிடுச்சு. பாதி வழியில திரும்பினா பலிக்காது," என்று அடம்பிடித்தார்.

"சட்டுனு சொல்லுங்க சார், வண்டலூர் பாலம் வந்துகினு கீது. நேராவா, திருப்பவா?"

"திருப்புங்கண்ணா," என்றாள் வாசுகி. புருஷன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவு டாக்டரம்மா விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு, நான் காரில் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பித்தப்பையில் உருவான கற்களில் ஒன்று நழுவி வந்து பித்தக் குழாயை அடைத்திருந்தது. தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்து ரத்தத்திலும் ஏறிவிட்டது. "பிபி இறங்க ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் வந்திருந்தா என்னால எதுவும் உறுதியா சொல்லியிருக்க முடியாது," என்றார்.

உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள். மறுநாள் வாய் வழியாக கேமரா குழாயை இறக்கி, கத்தி படாமல் கல்லை எடுத்தார்கள். இதற்குப் பெயர் இ.ஆர்.சி.பி. எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி கிடையாது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

பச்சிலையில் வலி நின்றது எப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எண்ணெய், கொழுப்பு உள்ள போனாத்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். எண்ணெயை நிறுத்தினீங்க, பை சும்மா இருந்தது, வலியும் இல்ல. கல்லு எங்கேயும் போகல," என்றார். ஒரு வருடமாக பிரியாணிக்கு மட்டும் வலித்ததற்கும் இதுதான் காரணமாம்.

கல் வெளியே வந்ததும் குமரேசன் வீட்டுக்குப் போகத் துடித்தார். பித்தப்பையையும் எடுக்க வேண்டும் என்றதும், "கல்லுதான் வந்துடுச்சே, பையை எதுக்கு?" என்று ஒரே பிடிவாதம். பித்தம் சுரப்பது ஈரல், பை வெறும் சேமிப்புத் தொட்டி, தொட்டி இருந்தால் கல் திரும்பவும் சேரும் என்று சொல்லிச் சொல்லி சம்மதிக்க வைத்தோம். அதே வாரம் சிறு துளைகள் போட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடுகிறார்.

அந்தக் கிராமத்து மருந்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல எனக்குத் தெரியாது. எல்லா மஞ்சளும் ஒரே நோய் இல்லை என்பது மட்டும் தெரியும். கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள். அரிப்பு, கறுத்த சிறுநீர், வெளுத்த மலம் இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். குளிர் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் எந்த ஊருக்குக் கிளம்பியிருந்தாலும் வண்டியை மருத்துவமனைக்குத் திருப்புங்கள். கூட வருபவர் கோபித்துக்கொள்வார். குமரேசன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்து அந்தக் கோபத்தை நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.