பெஞ்சில் கிடைத்த ஷார்ட்ஸ்டாப்

காலை ஐந்து ஐம்பது. துபாய், ஜெபல் அலியில் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் மணல் மைதானத்தில் நான் முதலில் பார்த்தது, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரை. மட்டையின் ஓரத்தில் பட்ட பந்து ஒன்று மணலில் சீறிக்கொண்டு அவர் பக்கம் போனது. இடது கையில் காகிதக் கோப்பை இருந்தது. வலது கையால் பந்தை அள்ளி, எழுந்திருக்காமலேயே முதல் பேஸில் நின்றவரின் நெஞ்சுக்கு எறிந்தார். பிறகு டீயைக் குடித்து முடித்தார். அவர் எதிரணிக்காரர். அந்த அணியில் அவரை யாரும் ஆட்டத்தில் இறக்குவதில்லை.

ஆட்டம், பேஸ்பால். எங்கள் மேலாளர் சென்னைக்காரர், இரண்டு வருஷம் அமெரிக்காவில் படித்தவர். அங்கிருந்து ஒரு பட்டத்தையும் பேஸ்பாலையும் கொண்டுவந்தார். பட்டத்தால் எங்களுக்குத் தொந்தரவு இல்லை. ஒரே முதலாளியின் நான்கு கம்பெனிகளுக்கும் தலா ஓர் அணி என்று முதலாளியிடம் பேசி ஏற்பாடு செய்தார். ஆடுகிறவர்கள் பாரம் தூக்குகிறவர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கிரிக்கெட் ஆடியவர்கள். அடித்த பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்று அவர்களைப் பழக்கவே ஒரு மாதம் ஆயிற்று. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையான ஞாயிறு இப்படிப் போனது. அஜ்மானிலிருந்து இருட்டில் கிளம்பி வந்து ஆட்டக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு.

எங்கள் அணியில் ஷார்ட்ஸ்டாப் சரியில்லை. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர் அவர். அந்த வழியாகத்தான் பந்துகள் அதிகம் உருளும். எங்களுக்கு அவை எல்லாம் உருண்டுபோயின. கிரேட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி மேலாளரிடம் சொன்னேன். அவர் ஆட்டக் கணக்குகளை ஏற்றி வைத்திருந்த லேப்டாப்பைத் திறந்தார்.

"சந்தை இவரை மதிக்கல. அதான் நமக்கு வாய்ப்பு," என்றார். சந்தை என்பது எதிரணியின் சூப்பர்வைசர், கீழக்கரைக்காரர் ஒருவர்.

அவரிடம் கேட்டபோது, "அவனா? தாராளமாக் கொண்டுபோங்க. சாப்பாட்டு வரிசையில மட்டும்தான் முன்னால நிப்பான். மட்டையக் குடுத்தா கொசு அடிக்கிற மாதிரி வீசுவான்," என்றார். பதிலுக்கு எங்கள் பெஷாவர்க்காரரைக் கேட்டார். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பந்தைக் கண்டெய்னர்களுக்கு அப்பால் அனுப்புபவர். மேலாளர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, அவர் அடிப்பதெல்லாம் அதிர்ஷ்டம் என்று கண்டுபிடித்து, சம்மதித்தார்.

ஒரு கம்பெனியின் விசாவில் இருப்பவர்தான் அந்தக் கம்பெனிக்கு ஆட முடியும். எனவே ஆட்டக்காரரை மாற்றினால் வேலையையும் மாற்ற வேண்டும். இரண்டு பக்கத்து மேலாளர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கட்டு அட்டைப்பெட்டியைக் கிடங்கு மாற்றவே இதைவிட அதிகக் காகிதம் வேண்டும். சம்பந்தப்பட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு என்னை அனுப்பினார்கள்.

தொழிலாளர் கேம்பில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். செய்தியைச் சொன்னேன்.

"புதுக் கம்பெனின்னா லீவுக் கணக்கும் புதுசாண்ணே?"

"ஆமா. ஒரு வருஷம் ஆகணும்."

"எனக்கு ரெண்டு வருஷம் முடிஞ்சு லீவு நிக்குது. பங்குனில கல்யாணம். மண்டபம் பேசியாச்சு. ஏற்கெனவே ஒருக்கா தள்ளிப்போட்டது. இன்னொரு தடவ தள்ளுனா பொண்ணு வீட்ல வேற எடம் பாத்துருவாங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் என்ன பந்து பொறுக்கவா விமானம் ஏறுனேன்?"

மறுநாள் மேலாளர் அவரை அறைக்கு அழைத்து நாற்காலி கொடுத்தார். அந்த அறையில் லேபர் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

"இனி எல்லா மேட்சும் ஆடலாம். உன் திறமைக்கு ஏத்த இடம் இது."

"சந்தோஷம் சார். லீவு?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"பாத்துட்டே சொல்லுங்க சார். லீவ எழுதி, சீல் வச்சு, டிக்கெட்டும் போட்டுக் குடுங்க. அப்புறமா இதுல நான் கையெழுத்துப் போடுறேன்."

மேலாளர் எரிச்சலோடு அட்டவணையைப் பார்த்தார். இறுதி ஆட்டம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்திய ஞாயிறு. லீவு அதற்கு மறுநாள் தொடங்கினால் போதும். எழுதிக் கொடுத்தார். டிக்கெட் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்ட பிறகே அவர் பேனாவைக் கேட்டார். பெஷாவர்க்காரர் அப்போதுதான் ஊர்போய்த் திரும்பியிருந்தார், இழக்க லீவு எதுவும் இல்லை. "கலாஸ்," முடிந்தது என்று அரபியில் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கேம்புக்குப் போனார்.

புதியவரிடம் குறைகள் இருந்தன. சோம்பேறி. நடுவர் தீர்ப்புச் சொல்லும் முன்பே தான் சொல்லிவிடுவார். மட்டை வீச்சைப் பற்றிக் கீழக்கரைக்காரர் சொன்னதில் மிகையில்லை. ஆனால் அவரைத் தாண்டிப் பந்து போகவில்லை. நாங்கள் தொடர்ந்து ஜெயித்தோம். மேலாளர் முதலாளியிடம் 'என் கண்டுபிடிப்பு' என்று அறிமுகம் செய்துவைத்தார். முதலாளி ஃபோனிலிருந்து ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார்.

அரையிறுதி நடக்க வேண்டிய ஞாயிறன்று புழுதிக்காற்று. எதிரே நிற்கிற லாரி தெரியவில்லை. எல்லா ஆட்டங்களும் ஒரு வாரம் தள்ளிப்போயின. இறுதி ஆட்டம் கல்யாண நாளில் வந்து நின்றது.

அடுத்த வாரம் அரையிறுதியை ஜெயித்துவிட்டு அவர் ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தபோது மேலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா?"

"மேட்சையா சார்?"

"கல்யாணத்தை."

அவர் இன்னொரு ஷூவையும் கழற்றிக் கொட்டினார். "அந்தக் காகிதத்துல உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சார். ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன்."

"லீவைக் கேன்சல் பண்ண எனக்கு அதிகாரம் இருக்கு, தெரியும்ல?"

"பண்ணுங்க சார். எதுக்காகப் பண்ணுனீங்கன்னு அரபாபு கேப்பாரு. பந்துக்காகன்னு சொல்லுங்க."

முதலாளியிடம் அப்படிச் சொல்லும் தைரியம் மேலாளருக்கு இல்லை. மறுநாள் எங்கள் ஷார்ட்ஸ்டாப் ஊருக்குப் போனார். கம்பெனி வேனில் விமான நிலையத்துக்குப் போகும்போது பாதி கேம்பின் சாமான்களும் அவர் பெட்டியில் இருந்தன.

இறுதி ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக மேலாளரே நின்றார். கால் இடுக்கில் மூன்று பந்துகள் போயின. சூரியன் கண்ணில் பட்டதாகச் சொன்னார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரணியில் பெஷாவர்க்காரர் ஆடினார். அவர் அடித்த இரண்டு பந்துகளைக் கண்டெய்னர்களுக்கு நடுவில் கடைசிவரை தேடினார்கள், கிடைக்கவில்லை. நாங்கள் தோற்றோம்.

அன்று காலை ஒட்டன்சத்திரத்தில் அவருக்குக் கல்யாணம் நடந்தது.