நாங்கள் மாலை போட்டு அனுப்பிய மனிதர்

ஏழெட்டு வருஷத்துக்கு முன், ரப்பர் விலை படுத்த படுக்கையாய்க் கிடந்த காலத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலோ ஐம்பத்தைந்து ஆனவர்களுக்கு மட்டுமல்ல, ஆகப் போகிறவர்களுக்கும் ஓய்வு ஓலை வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்டேஷனில் யாருக்காவது மாலை விழும். எங்கள் தெருவில் அந்த வருஷம் நன்றாகப் பிழைத்தவர் பூக்கடைக்காரர் ஒருவர்தான்.

நான் அப்போது ஓர் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, அதற்கும் முன் ஒரு ஜவுளிக்கடை, நடுவில் இரண்டு மாதம் எதுவுமில்லை. எந்த நாற்காலியும் எனக்குச் சூடாவதில்லை. உட்கார்ந்தவுடனே ஜன்னல் பக்கம் கண் போய்விடும். ஆனால் பேனாவைப் பிடித்தால் வசனமே பாட்டு மாதிரி ஓடும் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதனால் எங்கள் வாசகசாலையில் ஒரு வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவருக்கு உபசாரப் பத்திரம் எழுதுவது.

முறை என்னவென்றால், முதலில் குரூப் போட்டோ. பிறகு கேக்கும் கோப்பியும். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்று. கடைசியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பத்திரம், நான் எழுந்து நின்று வாசிக்க, சபை மூக்கை உறிஞ்சும். தாய்மண், ஆற்றங்கரை, கோபுர நிழல், காத்திருக்கும் சுற்றம். தஞ்சாவூர்க்காரரானாலும் சேலத்துக்காரரானாலும் எல்லோருக்கும் ஒரே ஆறுதான். ஓடாத ஊரிலும் ஓட வைத்துவிடுவேன்.

பன்னிரண்டாவது பத்திரம் ஒரு சிக்னல்காரருக்கு. முப்பது வருஷம் கைகாட்டிக் கம்பங்களை ஏற்றி இறக்கியவர். அவர் கேபினுக்குக் கீழே போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். ஆளுயர இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கும், அதிலொன்றைத் தோளோடு சாய்ந்து இழுப்பார், தூரத்தில் வெயிலில் ஒரு கை மெல்லத் தாழும், அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய எஞ்சினுக்கு மூச்சே வரும். மனைவி பல வருஷம் முன்பே இங்கே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார், பேசினாலும் ரயில் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி போன பிறகுதான் மீதியைச் சொல்வார்.

நான் வாசித்தபோது அவர் அழுதார். மற்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். இவர் குலுங்கிக் குலுங்கி, கறுப்புக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். அன்றைக்கு எனக்குத் தரை தெரியவில்லை. ஒரு வசனத்தால் ஓர் ஆளை இப்படி அசைக்க முடிகிறதே என்று இருந்தது.

ஐந்து பேர் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை கூடப் போனோம். நாகப்பட்டினம் போகும் கப்பல் நடு ஆற்றில் நின்றது. தொங்கான் படகில் டிரங்குப் பெட்டியோடும், கம்பளியில் சுற்றிய என் பத்திரத்தோடும் அவர் போவதைக் கரையிலிருந்து பார்த்தோம். கழுத்தில் மாலை. ஏணியில் ஏறி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாங்கள் கைக்குட்டையை ஆட்டினோம். ஒரு வாழ்க்கை அழகாக முடிந்ததென்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

நாலு வாரம் கழித்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவர என்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிள்ளானுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்து ரயிலுக்கு நேரமிருந்தது. ஸ்டேஷனை ஒட்டி, பின்பக்கம் தண்டவாளத்தைப் பார்த்தபடி, ஒரு சீனன் கோப்பிக்கடை. உள்ளே நுழைந்தால், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்டவாளம் தெரியும் பக்கம் முகத்தை வைத்து, அதே கறுப்புக் கோட்டு உட்கார்ந்திருக்கிறது.

கப்பல் மூழ்கிவிட்டது, இது அவர் ஆவி! சத்தியமாக முதலில் எனக்குத் தோன்றியது இதுதான். "ஐயோ" என்று கத்தியேவிட்டேன்.

"கத்தாதே தம்பி. உட்காரு. கோப்பி குடி."

"அண்ணே, நீங்க... ஊருக்கு..."

"போகல."

"கப்பல்ல ஏறினீங்களே! நான் பார்த்தேனே!"

"ஏறினேன். பாய் விரிச்சேன். உட்கார்ந்தேன். அப்புறம் கறிகாய் ஏத்த வந்த படகு திரும்பிச்சு பாரு, அதுல இறங்கி வந்துட்டேன்." கோப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார். "கறிகாய்க்காரன் காசு வாங்கல. நல்ல மனுஷன்."

அதிலிருந்து இந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாராம். பிரிக்பீல்ட்ஸுக்கு எப்படி வருவது? மாலை வாங்கியாகிவிட்டது. தடி வாங்கியாகிவிட்டது. போட்டோவில் நடுவில் உட்கார்ந்தாகிவிட்டது. அனுப்பி வைத்த ஆள் மறுநாளே கோப்பிக்கடையில் வந்து குந்தினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? சாப்பாட்டுக்குக் குறைவில்லை, உபகாரச் சம்பளம் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் வாழ்ந்த தெரு ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் கிடக்க, அதற்குள் நுழைய முடியாமல், தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று வண்டியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

"போகப் பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"யாரு கேட்டா? 'போறியா'ன்னு ஒருத்தனும் கேட்கல தம்பி. 'எப்ப கப்பல்?'னுதான் எல்லாரும் கேட்டீங்க." சாஸரைக் கீழே வைத்தார். பிறகு, என்மேல் கொஞ்சங்கூடக் கோபமில்லாமல், இன்றுவரை என் காதில் இருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னார். "நீ வேற அவ்வளவு அழகா எழுதிட்டே. அதுக்காகவாவது கப்பல் வரைக்கும் போகணும்னு தோணிச்சு."

என் கோப்பியை நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்கு அழுதீங்களே..."

"அழாம என்ன செய்யறது? நீ ஒவ்வொரு வரி படிக்கப் படிக்க, கப்பல் ஒவ்வொரு அடி கிட்ட வந்துக்கிட்டிருந்துச்சு."

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. ஆறு மாதம் இங்கேயே பதுங்கியிருந்துவிட்டு, ஊருக்குப் போய்வந்தேன், ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் வந்து இறங்குவது. அதற்கு ஒரே ஓர் இடைஞ்சல். ஊரில் என்ன பார்த்தேன் என்று கேட்பார்களே?

"ஊரைப் பத்தி எழுதறதுல நீ கெட்டிக்காரன். நான் என்னென்ன பார்த்தேன்னு நீயே சொல்லிக்குடு. மனசுல வச்சுக்கறேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். ஆற்றங்கரைக்குப் போனீர்கள், புளியமரத்தடியில் உட்கார்ந்தீர்கள், கோயில் மணி அடித்தது...

"ஆறு இல்ல தம்பி."

"ம்?"

"எங்க ஊர்ல ஆறு கிடையாது. புளியமரமும் இல்ல. கரிசக்காடு. மழை பேஞ்சா கால் ஒட்டிக்கும், பேயலைன்னா பாளம் பாளமா வெடிக்கும். கோயில்னா ஒரு கல்லு, அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான், போன வருஷம் அவனும் போயிட்டான். அங்க போனா நான் மலாயாக்காரன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்பாங்களே தவிர, என்னைப் பார்க்க யாரு இருக்கா? இங்க அஞ்சு நாப்பது வண்டி ஊதினா, எந்த டிரைவர் ஊதறான்னு படுக்கையில இருந்தே சொல்லுவேன். எனக்கு அது போதும்."

முப்பது வருஷ மனிதரைப் பற்றி முப்பது வரி எழுதியிருந்தேன். அவருடைய ஊரில் ஆறு உண்டா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்போது வெளியே கைகாட்டி மெல்லத் தாழ்ந்தது. பழக்கம் போகுமா, அவர் பேச்சை நிறுத்தினார். துறைமுகத்திலிருந்து வந்த வண்டி புகையும் ஓலமுமாகக் கடந்து போனது. கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கைகாட்டி மறுபடி ஏறியது. அவர் முகத்தில் என்னவோ மாறியிருந்தது.

"வேண்டாம் தம்பி."

"எது அண்ணே?"

"ஆறு மாசப் பொய். முப்பது வருஷத்துல வராத வண்டிக்கு நான் ஒரு நாளும் கைகாட்டியை இறக்கினதில்ல. இப்ப வேலை போன பிறகா இறக்கறது?" எழுந்து கோட்டை உதறினார். "யார்கிட்டயும் நீ ஒண்ணும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமைக் கூட்டம் பழையபடி பத்து மணிக்குத்தானே?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசகசாலையில் பத்துப் பன்னிரண்டு பேர். அன்றைய விஷயம், எங்கள் காரியதரிசிக்கே பிரிவுபசாரம். யாழ்ப்பாணத்துக்காரர், குட்ஸ் ஆபீஸில் பெரிய கிளார்க்கு. தை மாதத்தோடு ஓய்வு. அவர் வீட்டில் அப்போதே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவர் மேஜைமேல் அவருக்கே கொடுப்பதற்கு வாங்கிய புதுக் கைத்தடி காகிதம் சுற்றிக் கிடந்தது. தமக்குத் தெரியாதது போல் அதைப் பாராமல் இருந்தார். என் முன்னால் வெள்ளைத்தாள். ஓர் எழுத்து வரவில்லை.

வாசல் இருண்டது. கறுப்புக் கோட்டு. ஒரு கையில் கம்பளியில் சுற்றிய சட்டம், மறு கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. அதை ஊன்றாமல் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் தவிர்க்காமல் நடுக்கூடம் வரை நடந்து வந்தார்.

பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"நீர் கப்பல் ஏறேல்லையோ காணும்?" என்றார் காரியதரிசி.

எங்கள் கூட்டத்தில் ஒரு கங்காணி உண்டு, தண்டவாள வேலைக்காரர்களின் தலைவர். வாய் சும்மா இருக்காது. "கப்பல்ல ஓட்டைன்னு இறங்கிட்டீங்களா அண்ணே? போட்டோவுக்கு நாலு மணி நேரம் வெயில்ல நின்னோம்லா! அந்த மாலையையாவது திருப்பிக் குடுங்க!"

சிரிப்பு. குற்றம் என்னுடையது, என் பேனாவுடையது என்று அழகாகச் சொல்ல நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். எழுந்தேன். அவர் என் பக்கம் கையை லேசாகத் தாழ்த்தினார். உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன்.

"மாலை வாடிப்போச்சு, மன்னிச்சுக்குங்க," என்றார் கங்காணியிடம். பிறகு தடியைக் காரியதரிசியின் மேஜைமேல் வைத்தார். "இது போறவனுக்குக் குடுத்தது. நான் போகல. எனக்குப் போகப் பிடிக்கல. அன்னைக்கே சொல்லத் தைரியம் இல்ல, தப்பு என்னுது. மாட்டுப் பண்ணைக்காரர் கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு பேசிட்டேன். இங்கதான் இருப்பேன். செத்தாலும் இங்கதான்." சட்டத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இதை நான் குடுக்கமாட்டேன். தம்பி கஷ்டப்பட்டு எழுதினது. எங்க ஊர்ல இல்லாத ஆறு இதுலயாவது ஓடட்டும்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை பேசியிராத மனிதர் நாற்பது வார்த்தை பேசிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். சட்டத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை. தம்மைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நடுவே, அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றார். வண்டி கடந்து போகக் காத்து நிற்பது போல.

சிரிப்பு நின்றது. காரியதரிசி அந்தத் தடியை எடுத்தார். தமக்கென்று காகிதம் சுற்றி வைத்திருந்த தடியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அத்தனை வருஷம் கூட்டங்களை அதட்டி நடத்திய குரலில் ஒரு குழந்தைத்தனம் வந்து, மெல்லக் கேட்டார்:

"அப்ப... போகாமலும் இருக்கலாமோ?"

அந்தக் கூடத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏழு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சுவரில் தொங்கிய போட்டோக்களைப் பார்த்தார்கள், வரிசை வரிசையாக, மாலை போட்டு நடுவில் உட்கார வைத்த அத்தனை பேரையும். அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே போக ஆசைப்பட்டார்களோ! பன்னிரண்டு ஆற்றை எழுதிய எனக்குத் தெரியாது.

தை மாதம் யாழ்ப்பாணத்துக்காரர் போனார். மனைவி ஆசைப்பட்டார், அவர்கள் ஊரில் கடலும் பனையும் சொந்தங்களும் இருந்தன, சந்தோஷமாகவே போனார். வேறு இரண்டு பேர் தங்கிவிட்டார்கள். சிக்னல்காரர் கொட்டகைப் பக்கத்து அறையில் இன்னும் இருக்கிறார். சட்டம் அவர் சுவரில் தொங்குகிறது. திருப்பிக் கொடுத்த அந்தத் தடியை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. வாசகசாலைக்குள் நுழையும் ஆடுகளை விரட்ட வைத்திருக்கிறோம்.

இப்போதும் உபசாரப் பத்திரம் கேட்டு வருகிறார்கள். பேனாவைத் திறப்பதற்கு முன், ஓய்வு பெறுகிறவர் வீட்டுக்கு நடந்து போகிறேன். உட்கார்ந்து, கோப்பி குடித்து, போகிறீர்களா என்று கேட்கிறேன். பிறகு, ஊரில் ஆறு உண்டா என்று கேட்கிறேன். சிலர் உடனே சொல்லிவிடுகிறார்கள். சிலர் வெகுநேரம் என் முகத்தையே பார்க்கிறார்கள். அப்போதெல்லாம் அந்தக் கூடத்தின் நடுவில் சட்டத்தை அணைத்தபடி நின்ற கறுப்புக் கோட்டு ஞாபகம் வருகிறது. எந்த நாற்காலியிலும் தங்காத நான், "இங்கதான் இருப்பேன்" என்று சொல்லவும் எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.