கரண்ட் போனதும் பேச்சு வந்தது

எங்கள் சிதம்பரம் பள்ளியில் இந்த வருடம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இ-போர்ட்ஃபோலியோ. நடத்திய பாடத்தைப் படத்தோடு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் பார்த்துக் கருத்து எழுதியே ஆக வேண்டும்.

கணக்கு ஸ்டெல்லா டீச்சரும் அறிவியல் குமரவேல் சாரும் பேசிக்கொள்வதில்லை, சாருடைய பீரியடை வாங்கி டீச்சர் டெஸ்ட் வைத்த நாளிலிருந்து.

இன்று ஸ்டாஃப் ரூமில் இருவரும் எதிரெதிரே, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில். நடுவில் நான்.

"படம் அருமை. கடைசி பெஞ்சு தூங்குகிறது" என்று சார் கருத்து போட்டார்.

"உங்கள் படத்தில் கடைசி பெஞ்சையே காணோம்" என்று டீச்சர் பதில் போட்டார்.

சார் வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

பாதியில் நின்ற பதிலை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"டீச்சர், அது லேப்ல எடுத்த படம். அங்க ஏது கடைசி பெஞ்சு?"

"லேப்புக்கா? அந்த வாலுங்கள எப்படி சார் கூட்டிகினு போறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

பெல் அடிக்கும்வரை பேசினார்கள்.

எட்டிப் பார்த்த ஹெச்.எம். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பாத்தீங்களா, போர்ட்ஃபோலியோ வந்ததும் ஸ்டாஃப் ரூமே மாறிப்போச்சு" என்றார், ஃபைலால் விசிறிக்கொண்டே.

பெருமை யாருக்குச் சேரும், நீங்களே கருத்து போடுங்கள். கரண்ட் இருக்கிறவர்கள் மட்டும்.