மூதூரில் இறங்காமல் வந்தவள்

பிரசருக்குப் புதுக் குளிசை தொடங்கியதும் என் தலைச்சுற்று நின்றது. அதற்குப் பதிலாக நித்திரை பிடித்துக்கொண்டது. காலையில் குளிசையைப் போட்டுவிட்டு, கட்டைபறிச்சானிலிருந்து கணவரின் மோட்டார் சைக்கிளில் மூதூர் இறங்குதுறைக்கு வந்து, படகேறித் திருகோணமலையில் உள்ள தையல் கடைக்குப் போவேன். மெஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண் சொருகும். ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தும் விட்டேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானத்தோடு கடை பூட்டியதும் படகின் பின்மூலையில், அடுக்கியிருந்த வெறும் சாக்குகளுக்குப் பின்னால் சாய்ந்தேன். கண் விழித்தபோது எதிரே திருகோணமலைத் துறைதான் தெரிந்தது.

"நானா, இன்னும் வெளிக்கிடேல்லையா?" என்று படகோட்டியான முஸ்லிம் அண்ணரைக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். "நீங்க இறங்கேல்லையா தங்கச்சி? மூதூருக்குப் போய்த் திரும்பியும் வந்திட்டமே!"

படகே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் கைப்பைக்குள் கிடந்த போனைப் பார்த்தேன். கணவர் திரும்பத் திரும்ப அழைத்திருந்தார். உடனே அவருக்கு எடுத்தேன்.

"எல்லாரும் இறங்கிட்டினம், உன்னை மட்டும் காணேல்ல. நான் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்றார். என் சிரிப்பு போய்விட்டது.

அடுத்த படகில் போய் இறங்கியதும், "இனி இந்தக் குளிசை எனக்கு வேண்டாம்," என்றேன்.

"நிப்பாட்டிறதை நீ முடிவெடுக்க ஏலாது. டொக்டரிட்டச் சொல்லுவம்," என்றார் அவர்.

கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மூதூர்க் கதைக்கு அவருக்கும் சிரிப்பு வந்தது. பிரசரை அளந்து பார்த்து, மருந்தின் அளவைக் குறைத்தார். "இனி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ. நீங்களா மட்டும் விட்டிடாதேங்கோ. களைச்சால் கொஞ்சம் படுங்கோ, அதில வெட்கப்பட ஒண்டுமில்லை."

கடைக்கார அக்காவிடமும் சொன்னேன். "இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சற்றுப் படுக்கப் பின்னறையில் பாய் போட்டுத் தந்தார். துணி வெட்டும் வேலையைக் காலையிலேயே முடிக்கிறேன். பின்னேரம் பட்டன் தைப்பதும் மடிப்பு அடிப்பதும்தான். அலுப்பு முற்றாகப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் அது வரும் நேரம் இப்போது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலால் வந்ததும் படுத்துவிடுகிறேன். குசினியில் கணவர் மீன் துப்புரவாக்கும் சத்தம் கேட்கும்.

"குழம்புக்குப் புளி எவ்வளவு விடுறது?" என்பார்.

"கொஞ்சம் பொறுங்கோ, எழும்பி வாறன்," என்பேன்.

"ஆறுதலா வா, அவசரமில்லை," என்பார். நான் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.