டிக்கிக்குள் என் மனைவி

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் மனைவி பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். எங்கள் மேலாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது அவருடைய பழைய காரை நான் வாங்கிக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டிக்கியில் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து படப்பைக்குப் போய் ஒரு கூடை சின்ன வெங்காயம் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, பின்னால் வந்த சைக்கிள்காரர் ஜன்னலருகே குனிந்தார்.

“இன்னா சார், வழியெல்லாம் வெங்காயம் வெதச்சிகினு போறே?”

இறங்கி டிக்கியைத் திறந்தேன். கூடை சாய்ந்து கிடந்தது. பாய் கிழிந்திருந்த இடத்தில் தரைத் தகடும் துருவேறி உதிர்ந்து, சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகத் தார் ரோடு தெரிந்தது. எனக்கு மேலாளர்மேல் அப்படி ஒரு கோபம். மனைவியோ கொண்டை ஊசியை உருவி ஓட்டையைச் சுற்றிக் குத்திக்கொண்டிருந்தாள். பல இடங்களில் ஊசி பிஸ்கட்டுக்குள் போவதுபோல் இறங்கியது.

“தகரம் வெச்சு அடைச்சிடலாம்,” என்றேன்.

“தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாம அடைச்சா மறுபடியும் அரிக்கும்ங்க.”

வீட்டுக்கு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டோடு டிக்கிக்குள் ஏறி முடங்கிப் படுத்தாள். “மூடிட்டு மேல தண்ணி ஊத்துங்க.”

நான் தயங்கினேன். “மூச்சு முட்டாதா?”

“அதான் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கே.”

மூடினேன். வாளியில் மொண்டு ஊற்றத் தொடங்கினேன். “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ம், அங்கதான். நிறுத்தாதீங்க,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேகமாக உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தபோது அவள் தலை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பின்கண்ணாடியின் ரப்பர் ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் அதன் வழியாக உள்சுவரில் இறங்கி, பாய்க்கு அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமலே இரும்பைத் தின்றிருக்கிறது.

டிங்கரிங் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் பழைய தரைமேலேயே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்றார்.

“துரு இருக்கிற வரைக்கும் வெட்டி எடுத்துடுங்க அண்ணா,” என்றாள் மனைவி.

“அத்தினியும் வெட்டினா பெரிய பள்ளமா பூடும்மா.”

“பரவாயில்லை. நைஞ்ச துணியில தையல் நிக்காது. நல்ல துணி வர்ற வரைக்கும் போகணும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கரீட்டுதான். ஆனா பெட்ரோல் டேங்கைக் கழட்டாம நான் நெருப்பு வெக்க மாட்டேன். ரெண்டு நாள் ஆவும்.”

அதற்கு அவள் உடனே சம்மதித்தாள். அவர் வெட்டி முடித்ததும், பழைய செய்தித்தாளைப் பள்ளத்தில் விரித்து அளவெடுத்தாள். ஸ்டெப்னி வைக்கும் குழி வளைவாக இருந்ததால் தாள் அங்கே சுருங்கிக்கொண்டு நின்றது. ரவிக்கைக்கு மடிப்புப் பிடிப்பதுபோல் பிடித்து, மடிப்பு வந்த இடத்தைக் கத்தரித்தாள். அவர் அந்தத் தாளைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து உள்ளே இறக்கினார். சரியாக உட்கார்ந்தது.

“இன்னாம்மா இது, ஜாக்கெட்டு தெச்ச மாதிரி கீது,” என்றார். அதன்பின் அவர் வைத்த வெல்டிங்கும் அழகாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்குப் புது ரப்பரும் அவரே போட்டார். உப்புக்காகிதம் தேய்த்து, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு அடிக்கும் வேலையை வீட்டில் நாங்களே செய்தோம். நான் ஒரு பூச்சோடு போதும் என்றேன். அவள் காயவிட்டு இன்னொன்று அடித்தாள். அவள் விரல்களெல்லாம் சிவந்திருந்தன. மறுநாள் பள்ளியிலிருந்து வந்து, “பிள்ளைங்க மருதாணியான்னு கேட்டுதுங்க. ஆமான்னுட்டேன்,” என்றாள்.

அந்த ஆண்டு மழை பலமாகப் பிடித்தது. செம்பாக்கம் ஏரி நிரம்பியிருந்தது. பொழிச்சலூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கோயில் ஆர்மோனியத்தைக் கொண்டுவர முடியுமா என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் இவள், “கொண்டு வர்றோம் ஐயா,” என்றுவிட்டாள். ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு நல்ல மழையில்தான் போனோம். துணியைப் பிரித்துப் பார்த்தபோது பெட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை. அன்று அந்தச் சின்னக் கூடத்தில் எல்லோரும் பாட, நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு மேடான இடத்தில் நிறுத்தச் சொன்னாள். குடையில்லாமல் இறங்கி, டிக்கியைத் திறந்து, ஒவ்வொரு விளிம்பாகக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நல்லா இருக்குங்க,” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.