இடது கை வணக்கம்: அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு சைடு வீல் வண்டியில்

எதிரே வந்தவர் இடது கையைத் தூக்கினார். யாருக்கு என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய் மட்டும் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. நான் மறுபடி முன்னால் பார்ப்பதற்குள் அவர் என்னைத் தாண்டிவிட்டார். அவருடைய ஸ்கூட்டரிலும் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னச் சக்கரங்கள் இருந்தன, என்னுடையதைப் போலவே.

இது எனக்கு வண்டி வந்த முதல் வாரத்தில் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதேதான். சைடு வீல் வண்டியில் வருகிற யாராக இருந்தாலும், முன்பின் பார்த்திராதவராக இருந்தாலும், இடது கை மேலே போகும். வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கும் என்பதால் இடது கை. அந்தக் கையைத் தூக்க முடியாதவர்கள் தலையை ஆட்டுவார்கள். நான் எதுவும் செய்யமாட்டேன். பார்க்காத மாதிரி மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டு போய்விடுவேன். எனக்குப் புதியவர்கள் முன்னால் பேச்சு வராது, கையும் வராது. அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையைத் தூக்கினால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊர் அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை என் வண்டி மீட்டரில் பதினேழு கிலோமீட்டர் காட்டியது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டேன். பஸ் படியும், இறங்கிய பிறகு நடக்க வேண்டிய தூரமும் என்னால் ஆகவில்லை. அதன் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து புடவைக்குக் குஞ்சம் கட்டக் கற்றுக்கொண்டேன். செஞ்சியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா யாரிடமாவது புடவையைக் கொடுத்து அனுப்புவார். நான் கட்டித் திருப்பி அனுப்புவேன். இந்தத் தை மாதம் பொங்கல் முடிந்ததும் அவர் போன் செய்து, கல்யாண சீசன் வருகிறது, தினமும் கடைக்கே வந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டார்.

அம்மாவுக்கு விருப்பமே இல்லை. "ரேவதி, ஒரு தடவ தனியா போயிட்டு வந்து காட்டு. நடுவுல எங்களக் கூப்புட்ற மாதிரி ஆச்சுன்னா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வண்டி ரேஷன் கடைக்குப் போக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினேன். அனந்தபுரத்தில் நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன். சைடு வீல் இழுப்பதால் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். காலையில் அந்த ரோடு நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் நெல் வயல், நடுநடுவே கரும்பு. தூரத்தில் செஞ்சி மலைகள் தெரிய ஆரம்பித்ததும் நான் கொஞ்சம் வேகம் கூட்டினேன். வேகம் என்றால் முப்பத்தைந்து. வளைவில் இந்த வண்டி சாயாது, அதற்கு மேல் போனால் நம்மைத்தான் தள்ளும்.

அப்போது எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தது. பாதி ரோட்டுக்கு மேல் கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். சாதாரண வண்டிக்கு அந்த இடம் தாராளமாகப் போதும். ஆனால் என் இடது சக்கரம் எனக்கு வெளியே ஒரு முழம் தள்ளி ஓடுகிறது என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். அது தாரை விட்டு நழுவி மண் பள்ளத்தில் இறங்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. டிராக்டர் போய்விட்டது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். பின் சக்கரம் சும்மா சுற்றியது. இந்த வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் காலை ஊன்றித் தள்ள வேண்டும். அதற்குத் தெம்பு இருந்தால் நான் ஏன் இந்த வண்டி வாங்கப்போகிறேன்?

இரண்டு நிமிடத்தில் ஒரு பைக் வந்து நின்றது. பால் கேன் தொங்கவிட்ட பைக். எங்கள் ஊரில் பால் எடுக்கிற பெருமாள் மாமா.

"அடடே, குமாரு பொண்ணா! இன்னா பாப்பா, உன்ன யாரு தனியா உட்டாங்க? இந்தக் கால வெச்சிக்கினு இவ்ளோ தூரம் வரலாமா?" என்றபடி போனை எடுத்தார். "இரு, நைனாவுக்குப் போட்றேன். வந்து கூட்டிக்கினு போவாரு."

அவர் நல்லவர். அதுதான் கஷ்டம். நைனா வந்து என்னை அழைத்துப் போனால் எல்லாம் முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மாமா போனில் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

செஞ்சிப் பக்கமிருந்து ஒரு சைடு வீல் வண்டி வந்தது. ஓட்டியது ஒரு பெண். பின்னால் ஒரு ஆள் மடியில் வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். யோசிக்கவே இல்லை. என் இடது கையைத் தூக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அந்த அக்காவும் இடது கையைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே போய்விட்டார்.

"தெரிஞ்சவங்களா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு கை காட்டுன?"

ஹாரன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விடவே இல்லை. தூரத்தில் அந்த வண்டி வேகம் குறைந்தது. எங்கள் வண்டி திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும். ஒரு மண்பாதை பிரியும் இடம் வரை போய், சுற்றித் திரும்பி வந்தார்கள். அதற்குள் மாமா போனைக் காதில் வைத்துவிட்டார்.

"உன் கையப் பாத்துட்டு நானும் கை காட்டி சந்தோஷமா போயிட்டேம்மா" என்றார் அந்த அக்கா, நிறுத்தும்போதே. "இந்த ஆளுதான் திரும்பிப் பாத்து, மல்லி, அந்தப் பொண்ணு வணக்கம் வெக்கல, பள்ளத்துல கெடக்குதுன்னாரு."

"நான் சொல்லலைன்னா பனமலைக்கே போயி டீ குடிச்சிருப்பா" என்றார் அவருடைய வீட்டுக்காரர்.

"இறங்குய்யா மொதல்ல. குந்திக்கினு ஊர் சுத்தறதுக்கா உன்ன கட்டிக்கினேன்?" பிறகு மல்லிகா அக்கா என் வண்டியைப் பார்த்தார். "எந்த வருஷ வண்டி? மைலேஜ் இன்னா குடுக்குது? சைடு வீல் நட்டு டைட்டா இருக்குதா பாத்தியா? புதுசுல ஆட்டம் குடுக்கும்."

மூன்றுக்கும் நான் பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அவர் என் காலைப் பார்க்கவே இல்லை என்று. எனக்குத் தெரிந்தவரை எல்லோரும் முதலில் கேட்பது காலைப் பற்றித்தான். எப்போது ஆனது, எப்படி ஆனது, வைத்தியம் பார்த்தார்களா. இவர் நட்டைக் கேட்டார்.

"நைனா எடுக்கல. மறுபடி போட்றேன்" என்றார் மாமா.

"போட வேணாம் மாமா."

"இன்னா?"

"போட்டீங்கன்னா இனிமே என்ன வண்டி ஓட்ட உட மாட்டாங்க. நான் செஞ்சிக்கு வேலைக்குப் போறேன். நீங்க பின்னால புடிச்சி தூக்குங்க, போதும். வண்டிய நான் எடுத்துக்கறேன்."

வெளியாட்கள் முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மாமா என்னையே பார்த்தார். போன் கையிலேயே இருந்தது.

"அண்ணே, நீங்க போன் பேசற நேரத்துல ரெண்டு வண்டி தூக்கிடலாம்" என்றார் மல்லிகா அக்கா.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். "திருகாத, மெதுவா குடு, மெதுவா" என்று அக்கா சொல்லச் சொல்ல ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தாரில் ஏறியது.

கிளம்பும்போது அக்காவின் வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். "எதிர்ல வர்றவங்க எல்லாரும் இவளுக்குத்தான் கை காட்டறாங்க. நான் பதிலுக்குக் காட்டுனா இவ திட்டறா. ஏம்மா, பின்னால குந்தியிருக்கறவன் மனுஷன் இல்லியா?"

"அது ஓட்றவங்களுக்குக் குடுக்கற மரியாதை. நீ மூட்டையோட மூட்டை. மூட்டை கை காட்டுமா?" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியை எடுத்தார். மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கை எனக்கு ஆடியது.

அந்த இடத்திலிருந்து வீடு பக்கம். ஆறு கிலோமீட்டர்தான் வந்திருந்தேன். செஞ்சிக்கு இன்னும் பதினொன்று. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். பிறகு செஞ்சிப் பக்கமே போனேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். ஒரே ஒரு படி, உயரம் குறைவு. வண்டியை வாசலிலேயே விடலாம். கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, எத்தனை மணிக்குக் கிளம்புன?" என்றுதான் கேட்டார். மூன்று புடவைக்குக் குஞ்சம் கட்டிக் காட்டினேன். "திங்கக்கிழமை வந்துடு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது கடைக்கு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேரம் இருந்தது. கோட்டைக்குப் போனேன். திருவண்ணாமலை ரோட்டில், கடைத்தெருவைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். இத்தனை பக்கத்தில் இருந்தும் நான் உள்ளே போனதில்லை. நுழைவு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். "மேல ஏறணும்னா ரொம்ப நேரம் ஆகும்மா" என்றார் டிக்கெட் கொடுத்தவர். மேலே ஏறப்போவதில்லை என்றேன். நம்மைப் போன்றவர்களுக்குக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் அடிவாரமே ஒரு நாளைக்குப் போதும். ஊன்றுகோலோடு கல்யாண மகால் வரை மெதுவாக நடந்துவிடலாம். பாதை பெரும்பாலும் சமதளம், இடையில் சில கல் படிகள். வழியில் உட்கார இடம் இருக்கிறது. மகாலுக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்து மலையை அண்ணாந்து பார்த்தேன். பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவில், எறும்பு மாதிரி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பொறாமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கொண்டுபோன தயிர்ச்சோறு ருசியாக இருந்தது.

சைடு வீல் வண்டியில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கரும்பு வண்டி எதிரே வந்தால் ஒதுங்காதீர்கள், முழுதாக நின்றுவிடுங்கள், அவர்கள் பார்த்துப் போவார்கள். நிறுத்தும்போது வண்டியின் முகம் ரோட்டைப் பார்க்கட்டும். மாசி மாதத்துக்கு மேல் என்றால் பத்து மணிக்குள் கோட்டையைப் பார்த்துவிடுங்கள், பாறை சுட்டுவிடும். சிங்கவரம் கோயிலுக்குப் படி ஏற வேண்டும், ஆனால் அடிவாரம் வரை வண்டி போகும். பனமலைக்கு நான் இன்னும் போகவில்லை. ஏரிக்கரை நன்றாக இருக்கும் என்று மல்லிகா அக்கா சொன்னார். எதிரே வருபவர் கை தூக்கினால் நீங்களும் தூக்குங்கள். உதவி வேண்டுமென்றால் கை போதாது, ஹாரனை விடாமல் அடியுங்கள். நின்று பேச நேர்ந்தால் வண்டியைப் பற்றிக் கேளுங்கள். என் காலுக்கு என்ன என்று நான் இங்கே எழுதாததும் அதனால்தான்.

திரும்பி வரும்போது மூன்று பேர் எதிரே வந்தார்கள். மூன்று பேருக்கும் கை தூக்கினேன். ஒருவர் கவனிக்கவில்லை. பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "பள்ளத்துல உட்டியாமே?" என்றாள். பெருமாள் மாமா போட்ட மிஸ்டு காலைப் பார்த்து நைனா அவரைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துவிட்டது.

"இதுக்குத்தான் வேணாம்னேன். நடு ரோட்டுல…"

"பெருமாள் சொன்னதும் பைக்க எடுத்துட்டேன்" என்றார் நைனா. அம்மாவிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. "நம்ம ஊர் ஏரிக்கரை வரைக்கும் வந்தேன். அப்புறம் திரும்பிட்டேன்."

"ஏன் நைனா?"

"நீ கூப்பிடலியே."

அம்மா அவரைப் பார்த்தாள். "நீ வெச்ச கண்டிஷன் அதான?" என்றார் அவர். "திங்கக்கிழமை கடைக்கு வரச் சொன்னாங்க, சரின்னு சொல்லிட்டேன்" என்றேன் நான். அம்மா உள்ளே போனாள். "திங்கக்கிழமைன்னா, மத்தியான சோத்துக்கு மூடி இறுக்கமா ஒரு டப்பா வேணும். இங்க இருக்கற ஒண்ணும் ஆகாது" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

வண்டிச் சாவியை எப்போதும் நைனாவின் சட்டை தொங்கும் ஆணியில்தான் மாட்டுவோம். நான் அதை என் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.