பெரியம்மா பிடித்திருந்த சாவி

பெரியப்பாவின் மகளான அக்காவின் கல்யாண ஆல்பத்தில், நாங்கள் காருக்குள் இருக்கும் ஒரு படம் இருக்கிறது. பின் ஆசனத்தில் மணப்பெண்ணாக அக்கா, பக்கத்தில் நான். முன்னால் வேட்டி சட்டையோடு பெரியப்பா. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். முன் ஆசனத்தில் அவர் அருகே இருக்கும் பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை. பட்டுச்சேலையும் நகையுமாக, வலது கையை நீட்டி, டாஷ்போர்டின் நடுவில் உள்ள கார்ச் சாவியை இறுகப் பிடித்தபடி குனிந்திருக்கிறார். பார்ப்பவர்கள் கேட்டால் அக்கா சிரித்துச் சமாளித்துவிடுவாள்.

மலைநாட்டில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டிய கார் அது. அதைத் தினமும் கழுவியவர் எங்கள் தாத்தா. கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததைப் பெரியப்பா வாங்கி, வருஷக்கணக்கில் பாடுபட்டு ஓடவைத்தார். தன் மகள் அதில்தான் கோயிலுக்குப் போய் இறங்கவேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். வீட்டில் வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர், இதில் மட்டும் யார் சொல்லையும் கேட்கமாட்டார்.

கல்யாணம் நெருங்கிய நேரத்தில், எங்கள் வீடிருக்கும் ஹந்தானை மலையிலிருந்து டவுனுக்கு இறங்கும்போது பிரேக் மிதி அமுக்க முடியாமல் கல்லாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். பெரியம்மா அன்றைக்கே வேன் பிடிக்கச் சொன்னார். பெரியப்பா வண்டியைக் கராஜுக்குத்தான் கொண்டுபோனார்.

அந்தக் காரில் பவர் பிரேக். எஞ்சின் ஓடும்போது அது உறிஞ்சும் காற்றின் பலத்தில்தான் மிதி இலகுவாக இறங்கும்; அந்தப் பலத்தை மிதிக்குக் கொடுப்பது பூஸ்டர். பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை அமுக்கி, காலை அதன்மேல் வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணினார். மிதி காலடியில் மெல்ல இறங்கியது. பூஸ்டர் நல்லாத்தான் ஈக்கிது, பழுதில்ல என்றார். குழாயை மாற்றினார், வால்வை மாற்றினார். அவர் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பெரியப்பா வீட்டுக்கு ஓட்டிவந்து மறுநாள் இறங்கினால் மறுபடியும் கல். வேலை தெரியாதவன் என்று இவர் அவரை ஏச, காலில் பலம் இல்லாத ஆள் என்று அவர் இவரைச் சொல்ல, இருவரும் முகம் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டார்கள். அக்கா ராத்திரியில் தூங்கவில்லை. அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் பாஸே வீட்டுக்கு வந்தார். “அண்ணே, இந்தமுறை நீங்க ஓட்டுங்க. நான் சும்மா பக்கத்துல ஈக்கிறேன்” என்றார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வளைவில் பிரேக் நன்றாகப் பிடித்தது. அடுத்ததில் கொஞ்சம் இறுகியது. கீழே பெரிய வளைவு, தடுப்பு இல்லாத பள்ளம், எதிரே மேலே ஏறிவரும் பஸ். பெரியப்பா முழுப் பலத்தோடு மிதித்தார். மிதி அசையவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு ஓடைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஓடும் காருக்குள் ஓடைச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று நான் யோசிப்பதற்குள் பாஸ் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. மிதி இறங்கியது. பஸ் எங்களை உரசாத குறையாகப் போயிற்று.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலத்தில், அதை மிச்சம் பிடிக்க எங்கள் மலைப்பாதையில் பாதி வாகனங்கள் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல்தான் இறங்கின. பெரியப்பா அப்போது வைத்திருந்த சின்னக் காரில் பவர் பிரேக் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. பழகிய கை இந்தக் காரிலும் தானாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் காற்றில் ஒன்றிரண்டு மிதி தாங்கும், பிறகு கல்தான். பாஸிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. மூச்சு விடுவதையெல்லாம் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

காரை ஓரம் கட்டிய பிறகும் பெரியப்பா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸும் ஒன்றும் கேலி பேசவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் பெரியம்மா மறுபடியும் வேன் பேச்சை எடுத்தார். அதற்குப் பெரியப்பா, “என் கைய நானே நம்பல. நீ முன்னால உக்காந்து சாவியப் புடிச்சுக்க” என்றார். தன்னால் முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாய் மகளோடு பின்னால் உட்காராமல் முன்னால் ஏறியதை உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய வளைவு வந்தது. பெரியப்பாவின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிச் சாவியிடம் போனது. அங்கே பெரியம்மாவின் கை இருந்தது. அதில் பட்டதும் திரும்பிவிட்டது. அக்கா என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் படம் எடுத்தபோதும் பெரியம்மா பிடியை விடவில்லை.

பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மாவை மாதாமாதம் கிளினிக்குக் கூட்டிப்போவது நான்தான். என் கார் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட், சாவி போட்டுத் திருப்பும் வேலையே இல்லை. இறக்கத்தில் எஞ்சின் தானாக நின்றுவிடும், பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. போன மாதம் பெரிய வளைவில் அப்படி நின்றது. ஓடைச் சத்தம் கேட்டது. அரைத்தூக்கத்தில் இருந்த பெரியம்மாவின் வலது கை எழுந்து, டாஷ்போர்டின் நடுவே தடவித் தடவித் தேடியது.

“எஞ்சின் ஓடுதாம்மா?”

ஓடுது பெரியம்மா என்று பொய் சொன்னேன். கை இறங்கவில்லை. வளைவு முடியும்வரை அது அங்கேயே, யாருடைய கையோ வந்து படப்போவதுபோலக் காத்திருந்தது.